காட்பாடியில் வீட்டு வாசலுக்குப் பேவர் பிளாக்: சதுர அடிக்கு எது நியாயமான விலை?

காட்பாடி வாசல்:
வணக்கம். காட்பாடியில் ரயில் நிலையத்திலிருந்து சற்று உள்ளடங்கிய தெருவில் எங்கள் வீடு. முன்வாசல் 30 அடிக்கு 18 அடி. பக்கவாட்டு நடை 45 அடிக்கு 4 அடி. மொத்தம் 720 சதுர அடி. இத்தனை ஆண்டுகளும் மண் வாசலாகவே இருந்தது. இப்போது கார் வாங்கியிருக்கிறோம். போன மழைக்காலத்தில் மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டது. இனியும் தள்ளிப்போட முடியாது என்று பேவர் பிளாக் எனும் கான்கிரீட் கல் பதிக்க முடிவு செய்தோம்.

மூன்று பேரிடம் விலை கேட்டேன். முதலாமவர் 62 ரூபாய், இரண்டாமவர் 78, மூன்றாமவர் 105. மூவருமே "எல்லாம் சேர்த்துத்தான்" என்கிறார்கள். ஒரே வாசலுக்கு ஒருவர் கணக்கில் 44,640 ரூபாய், இன்னொருவர் கணக்கில் 75,600 ரூபாய். காட்டிய மாதிரிக் கற்கள் என் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. 62 சொன்னவர், வேறொரு வேலையில் மிஞ்சிய கல் கையில் இருப்பதாகவும், இரண்டு நாளில் பதில் சொன்னால்தான் இந்த விலை என்றும் சொல்கிறார். பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்கிறார்.

கணவர் ஓசூரில் வேலை பார்க்கிறார், வாரம் ஒருமுறைதான் வருவார். பேசி முடிக்க வேண்டியவள் நான்தான். எதைக் கேட்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆம்பூர் மாடி:
62 நல்ல விலை. கொஞ்சம் பேசினால் 58-க்கு இறங்குவார். கல் எல்லாம் ஒன்றுதான், பெயருக்கும் பில்லுக்கும் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

சத்துவாச்சாரிக்காரன்:
அக்கா, அவசரப்பட்டு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

நானும் குறைந்த விலையைத்தான் பிடித்தேன். பதித்து முடித்த அன்று வாசல் கண்ணாடிபோல் இருந்தது. தெருவே வந்து பார்த்தது. ஒரே ஒரு மழைக்காலம்தான். காரின் சக்கரம் ஓடும் இரண்டு தடங்களிலும் வாய்க்கால் வெட்டியதுபோல் பள்ளம் விழுந்தது. ஒரு கல்லின் மூலையில் கால் வைத்தால் எதிர் மூலை எழும்பி, இடுக்கிலிருந்து சேற்று நீர் பீறிட்டு வேட்டியில் அடிக்கும். நான்கு இடங்களில் கல்லைப் பெயர்த்துப் பார்த்தேன். கல்லுக்குக் கீழே ஒரு கை ஆழத்துக்குக் கிரஷர் தூள் (ஜல்லி உடைக்கும்போது விழும் கல் தூள்), அதற்குக் கீழே நேராகக் களிமண். ஜல்லி என்று ஒரு துண்டுகூட இல்லை. எங்கள் மனை ஒரு காலத்தில் ஏரிக்குக் கீழே இருந்த நஞ்சை. தண்ணீர் பட்டால் அந்த மண் என்ன ஆகும் என்று வேலை செய்தவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

திரும்பக் கூப்பிட்டேன். தொலைபேசியை எடுக்கவில்லை. கையில் பில் இல்லை, ஒரு துண்டுச் சீட்டு இல்லை. அத்தனையையும் பெயர்த்து மறுபடி போட்டபோது முதலில் மிச்சம் பிடித்ததைப்போல் மூன்று மடங்கு போனது.

2022-இல் நம் வேலூரில் நிறுத்தியிருந்த இருசக்கர வாகனத்தை நகர்த்தாமலே சக்கரத்தைச் சுற்றிச் சிமென்ட் சாலை போட்டது நாடெங்கும் செய்தியானது நினைவிருக்கும். தெரு வேலையென்றால் படம் பிடித்துக் கேள்வி கேட்க ஊர் இருக்கிறது. வீட்டு வாசலுக்கு நாம் ஒருவர்தான்.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:
அம்மா, மூன்று விலையையும் இப்போதைக்கு ஒப்பிடவே முடியாது. மூவரும் மூன்று வெவ்வேறு பொருள்களுக்கு விலை சொல்லியிருக்கிறார்கள் என்பது என் ஊகம். "சதுர அடிக்கு எவ்வளவு" என்று கேட்டால் எண் மட்டும்தான் வரும். "கல்லுக்குக் கீழே என்னென்ன, எத்தனை அங்குலம்" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வேலையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. கல் வெறும் தோல்.

முதலில் மண்ணைத் தோண்டி, வேர், குப்பை, பழைய செங்கல் துண்டுகளை அள்ளிவிட்டுத் தண்ணீர் தெளித்து இறுக்க வேண்டும். அதன்மேல் கிராவலோ (சரளை மண்), வெட் மிக்ஸ் ஜல்லியோ (பல அளவு ஜல்லியும் தூளும் தண்ணீரோடு கலந்தது). கார் நிற்கும் இடத்துக்கு இறுக்கிய பிறகு நான்கு அங்குலமாவது இருக்க வேண்டும். களிமண் என்றால் ஆறு. அதை ஒரே தடவையில் கொட்டி மேலே ஓட்டினால் மேல்பாகம் மட்டும்தான் இறுகும். இரண்டு தடவையாகப் பரப்பி, ஒவ்வொரு தடவையும் இறுக்க வேண்டும். அதற்கு மேலே பரப்பும் மணல் ஒன்றரை அங்குலம் போதும். பள்ளம் மேட்டை மணலைக் கொட்டி நிரவுகிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். சத்துவாச்சாரித் தம்பி வீட்டில் நடந்தது அதுதான். கூடுதல் மணல் சக்கரத்துக்கு அடியில் நகர்ந்துகொண்டே இருக்கும்.

இதை வீட்டிலிருந்தபடியே சரிபார்க்கலாம். 720 சதுர அடி என்பது ஏறக்குறைய 67 சதுர மீட்டர். நான்கு அங்குல அடித்தளம் இறுகிய நிலையில் 240 கன அடி. நம் பக்கம் ஒரு யூனிட் என்பது 100 கன அடி. உதிரியாக இறங்கும் ஜல்லி இறுகும்போது குறையும் என்பதால் மூன்று யூனிட் வந்து இறங்க வேண்டும். மணல் ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல். லாரி வரும்போது வாசலில் நின்று எண்ணுங்கள். ஒரே ஒரு லோடு இறக்கிவிட்டு "எல்லாம் வந்துவிட்டது" என்றால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

இனி கல். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பேவர் பிளாக் தரநிலை ஐ.எஸ். 15658. 2006-ஆம் ஆண்டுப் பதிப்பில் நடைபாதைக்கு 50 மில்லிமீட்டர் கனம், எம் 30 (எம் என்பது கான்கிரீட்டின் பலத்தைக் குறிக்கும் தரம்); கார் போன்ற இலகு போக்குவரத்துக்கு 60 மில்லிமீட்டர், எம் 35; நடுத்தரப் போக்குவரத்துக்கு 80 மில்லிமீட்டர், எம் 40. உங்களுக்கு 60 போதும். மாதிரிக் கற்களை அடுக்கி வைத்து, அளவுகோல் பிடித்துப் பாருங்கள். 20 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் செவ்வகக் கல்லானால் தராசே போதும்: 60 மில்லிமீட்டர் கல் 2 கிலோ 800 கிராமை ஒட்டி நிற்கும், 50 மில்லிமீட்டர் கல் 2 கிலோ 350-ஐ ஒட்டி நிற்கும்.

அதே கல்லை நன்றாக வெயிலில் காயவைத்து எடை போட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டு, துடைத்து மறுபடி எடை போடுங்கள். தரநிலை சொல்வது சராசரியாக 6 விழுக்காட்டுக்கு மேல் நீர் குடிக்கக் கூடாது என்பது. 2 கிலோ 800 கிராம் கல்லுக்கு அது 168 கிராம். ஆய்வகத்தில் அடுப்பில் உலர்த்திச் செய்வார்கள். வீட்டுச் சோதனை அத்தனை துல்லியமில்லை. ஆனால் 250, 300 கிராம் குடிக்கிற கல்லை ஒதுக்க இது போதும்.

ராணிப்பேட்டை கல்வேலை:
நான் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். எங்களைத் திருடர்கள்போல் பேசுவது வருத்தமாக இருக்கிறது, ஆனால் சத்துவாச்சாரி அண்ணன் சொன்னது உண்மையில் நடக்கிறது. அதனால் நேர்மையாக வேலை செய்கிறவனுக்கும் வேலை கிடைப்பதில்லை. என் கணக்கை மறைக்காமல் எழுதுகிறேன்.

720 சதுர அடி வேலை எனக்கு வந்தால்: 60 மில்லிமீட்டர் கல் இறக்குகூலியோடு சதுர அடிக்கு 38 ரூபாய். அடித்தளம் தோண்டுதல், ஜல்லி, இறுக்குதல் 14. மணல் 7. பதிக்கும் கூலியும் அதிர்வு இயந்திர வாடகையும் 13. ஓரக் கல்லும் வெட்டுக் கழிவும் 4. கூட்டினால் 76. அதன்மேல் நான் 9 ரூபாய் வைப்பேன். இவ்வளவு வேலைக்கு என் கையில் நிற்பது 6,480 ரூபாய். நான்கைந்து நாள் வேலை, இடையில் மழை பெய்தால் ஆட்களுக்குச் சும்மா கொடுக்கிற கூலியும் இதில்தான்.

இது என் விலை. கல் வார்க்கும் களம் எவ்வளவு தூரம், மண் எப்படி என்பதைப் பொறுத்து ஐந்து பத்து மாறும். ஆனால் 62-க்கு எனக்கு வழி தெரியவில்லை. ஒன்று அடித்தளம் இருக்காது, அல்லது கல் கனம் குறைவாக இருக்கும். 58-க்குப் பேசச் சொன்ன ஆம்பூர் நண்பர் எந்தச் செலவைக் குறைப்பது என்று சொல்ல வேண்டும்.

கல்லில் இன்னொன்றும் உண்டு. ரப்பர் அச்சில் ஊற்றி எடுக்கும் கல் பளபளவென்று இருக்கும், மாதிரி காட்ட அழகு. மழையில் அதே பளபளப்புதான் வழுக்கும். வீட்டில் வயதானவர்கள் இருப்பதாகச் சொல்கிறீர்கள். இயந்திரத்தில் அழுத்தி எடுத்த சொரசொரப்பான கல்லைக் கேளுங்கள். வார்த்த தேதியையும் கேளுங்கள். நம் ஊர் கோடையில் கல் மேற்புறம் சட்டென்று காய்ந்துவிடும். நாள்தவறாமல் தண்ணீர் காட்டாமல் ஒரே வாரத்தில் வண்டியேற்றினால் ஓரங்கள் உதிரும். முழு பலம் 28 நாள் கணக்கு.

ஆம்பூர் மாடி:
கோபித்துக்கொள்ள வேண்டாம், நண்பரே. நான் கல்லின் விலையை மட்டும் வைத்துப் பேசினேன். எங்கள் வீட்டில் பதித்தது மாடியில். கீழே தளம் இருப்பதால் அடித்தளச் செலவே இல்லை. மண்மேல் பதிப்பதோடு அதை ஒப்பிட்டது என் பிழை.

குடியாத்தம் தறி:
இத்தனை தொல்லைக்கு நான்கு அங்குலச் சிமென்ட் கான்கிரீட் ஊற்றிவிட்டால் வேலை முடிந்துபோகுமே? பேவர் பிளாக்கில் இடுக்கெல்லாம் புல் முளைக்கிறது, எறும்பு மண் தள்ளுகிறது. எங்கள் வீட்டில் மாதம் ஒருமுறை உட்கார்ந்து பிடுங்குகிறோம்.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:
கான்கிரீட் மோசமில்லை. ஆனால் வேலூர் மாநகராட்சிப் பகுதியில் பாதாளச் சாக்கடைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் எத்தனை முறை தெரு தோண்டப்பட்டது என்பதை எண்ணிப் பாருங்கள். வீட்டு இணைப்புக்கு வாசலிலும் தோண்ட வேண்டியிருக்கும். கான்கிரீட்டை உடைத்தால் ஒட்டுத்தான். பேவர் பிளாக் என்றால் எண்ணி எடுத்து அடுக்கிவைத்து, வேலை முடிந்ததும் அதே கல்லைத் திரும்பப் பதிக்கலாம். புல் முளைப்பது மெய்தான்; இடுக்கில் நுண்மணலை நிறைய விட்டு இயந்திரம் ஓட்டினால் குறையும்.

பாகாயம் தோட்டம்:
விலையைப் பற்றியே பேசுகிறோம், தண்ணீரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டபோது எங்கள் பக்கம் ஆற்று வெள்ளம் வரவில்லை. ஆனால் பெய்த மழை வாசலிலிருந்து படியேறிக் கூடத்துக்குள் வந்தது. காரணம், முந்திய ஆண்டு பதித்த பேவர் பிளாக். பழைய மண்ணைத் தோண்டாமல் அதன்மேலேயே அடுக்கி ஒன்பது அங்குலம் உயர்த்திவிட்டார்கள். வாசற்படி மூன்று இருந்தது இரண்டானது.

சகோதரி, பதித்து முடிந்தபின் தரைமட்டம் எங்கே வரும் என்று வேலை தொடங்கும் முன்பே சுவரில் கோடு போடச் சொல்லுங்கள். பத்தடிக்கு இரண்டு அங்குலம் வாட்டம் (சரிவு) வையுங்கள். உங்கள் 30 அடி தெருவை நோக்கிய நீளமானால் வீட்டோரத்துக்கும் வாயிற்கதவுக்கும் ஆறு அங்குல வித்தியாசம் வரும். அதற்கு இடம் இருக்கிறதா என்று இப்போதே தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய் பிடித்துப் பாருங்கள். தெருவின் மட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார். உங்கள் தெருவில் அப்படி நடந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மழைநீர்த் தொட்டியின் மூடியைக் கல்லுக்குள் புதைத்துவிடாதீர்கள். 2003-இல் கட்டாயமாக்கியபோது கட்டிய தொட்டி எங்களுடையது. எங்கே இருக்கிறதென்றே தெரியாமல் பதித்துவிட்டுப் போனார்கள்.

காட்பாடி வாசல்:
எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக நீங்கள் சொன்னபடியே செய்தேன்.

மூன்று மாதிரிக் கற்களையும் தெருமுனைக் காய்கறிக் கடைத் தராசில் வைத்தேன். கடைக்காரர் விசித்திரமாகப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும் அவரே தராசைத் துடைத்துக் கொடுத்தார். முதலாமவர் கல் 2 கிலோ 340 கிராம். இரண்டாமவர் கல் 2 கிலோ 790. மூன்றாமவர் கல் மூன்று கிலோ 740. என் கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிந்தவை இவை!

அளவுகோல் பிடித்தபோது 50, 60, 80 மில்லிமீட்டர். அடித்தளம் பற்றிக் கேட்டேன். முதலாமவர், "உங்கள் மண் கெட்டி, தேவையில்லை" என்றார். எழுதித் தரக் கேட்டதும், "நம்பிக்கை இல்லையென்றால் வேண்டாம்" என்று எழுந்துவிட்டார். இரண்டாமவர் இரண்டு அங்குலக் கிராவல் போடுவதாகவும், நான்கு அங்குல வெட் மிக்ஸ் வேண்டுமென்றால் 88 ஆகும் என்றும் சொன்னார். பில் தர மாட்டாராம். மூன்றாமவரின் 105 ரூபாயைப் பிரித்துக் கேட்டேன். 89 ரூபாய் வேலைக்கு, 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. அதில் நான்கு அங்குல அடித்தளம் முன்பே இருக்கிறது. கார் மட்டும்தான் என்றால் 60 மில்லிமீட்டரே போதும், 78-ம் வரியும் என்று அவரே இறங்கினார். வரியோடு 92.

என்னிடம் 105 கேட்டு மலைக்கவைத்தவர்தான் ஒவ்வொரு கேள்விக்கும் நேராகப் பதில் சொன்னார். 88-ஆ, 92-ஆ? நான்கு ரூபாய் வித்தியாசத்துக்குப் பில் தேவையா?

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:
92. தயங்க வேண்டாம். வரி என்று கேட்கிறவர் பதிவு பெற்றவரா என்று மட்டும் பாருங்கள். பதிவு இல்லாதவர் வரி வசூலிக்க முடியாது. பதிவு எண் இலக்கமும் எழுத்தும் கலந்து மொத்தம் 15 இடம் கொண்டது. தமிழ்நாட்டுக்கு 33 என்று தொடங்கும். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டால் பெயர் வரும்.

பில் இருந்தால் தகராறு வந்தாலும் பிடி இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பேசலாம். துண்டுச் சீட்டு இல்லாதவர் என்ன சொல்லி நிற்பார்?

பணம் கொடுப்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். பாதியை முன்பணமாகக் கொடுக்கவே கூடாது.

ராணிப்பேட்டை கல்வேலை:
பாதி வேண்டாம், சரி. ஆனால் எல்லாவற்றையும் கடைசியில் தருகிறேன் என்றும் சொல்லாதீர்கள். சனிக்கிழமை மாலை ஆட்களுக்குக் கூலி எண்ணிவைத்தே ஆக வேண்டும். நான் வட்டிக்கு வாங்கினால் அந்த வட்டியும் உங்கள் விலையில்தான் ஏறும். வேலை தொடங்கும்போது ஆறில் ஒரு பங்கு. கல் வந்து இறங்கியதும் கல்லின் விலை. அதைக் களத்துக்கே நேராக அனுப்பினாலும் நல்லது. அடித்தளம் முடிந்து நீங்கள் பார்த்த பிறகு ஒரு பகுதி. பதித்து முடித்ததும் மீதி. ஒரு 5,000 ரூபாயை ஒரு நல்ல மழை வரை நிறுத்திவையுங்கள். நேர்மையான ஆள் அதற்குச் சம்மதிப்பார்.

அளவைச் சேர்ந்து நின்று எடுங்கள் மேடம். நாடாவின் ஒரு முனை உங்கள் கையில் இருக்கட்டும்.

காட்பாடி வாசல்:
மூன்றாமவரிடமே வேலையைக் கொடுத்தோம். நாடாவின் ஒரு முனையை நானே பிடித்தேன். அவருடைய ஆள் முதலில் எழுதியிருந்தது 765 சதுர அடி. சுவர்க் கனத்தையும் சேர்த்து இழுத்திருக்கிறார். சேர்ந்து அளந்ததும் 720. அதில் தண்ணீர்த் தொட்டி மூடி 16 சதுர அடி, வேப்பமரத்தைச் சுற்றி விட்ட குழி 12 சதுர அடி. பதிப்பது 692. வரியோடு 92 என்றால் 63,664 ரூபாய். இரண்டு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

வேலை காலை ஆறு மணிக்கே தொடங்கிவிடுகிறது. பதினொரு மணிக்கு மேல் வெயிலில் கல்லைத் தொட முடியவில்லை. ஆட்கள் கைக்குச் சாக்கு சுற்றிக்கொள்கிறார்கள். மாமியார் மோர் கரைத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்.

ஜல்லி மூன்று யூனிட் வந்தது, எண்ணினேன். ஆனால் இரண்டாம் நாள் ஒரு சிக்கல். முழு ஜல்லியையும் ஒரே தடவையில் பரப்பிவிட்டு இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். நான் நிறுத்தச் சொன்னேன். மேஸ்திரி முகம் சுருங்கிப்போனது. "எங்கும் இப்படித்தான் போடுகிறோம்" என்றார். நான் ஒப்பந்தக்காரருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் வந்து, கம்பியைக் குத்திப் பார்த்தார். சுலபமாக அடிவரை இறங்கியது. பாதியை வாரி ஒதுக்கி, தண்ணீர் தெளித்து, இரண்டு தடவையாக இறுக்கினார்கள். பிறகு அதே கம்பியை மேஸ்திரியே குத்தினார். இரண்டு விரற்கடைக்கு மேல் போகவில்லை. அரை நாள் கூடுதலாயிற்று. அதற்குப் பணம் கேட்கவில்லை.

சத்துவாச்சாரிக்காரன்:
அந்தக் கம்பியை என் வாசலில் யாராவது குத்தியிருக்கக் கூடாதா என்று தோன்றுகிறது அக்கா. ஓரக் கல்லுக்குச் சிமென்ட் கலவை வைத்தார்களா? ஓரம் பிடிமானம் இல்லையென்றால் வரிசை வரிசையாக வெளியே நகரும்.

காட்பாடி வாசல்:
வைத்தார்கள் தம்பி. ஓரத்துத் துண்டுகளையும் சுத்தியலால் உடைக்காமல் இயந்திரத்தில் அறுத்துப் பொருத்தினார்கள். வேப்பமரக் குழியைச் சுற்றி வளைவாக வெட்டியதைப் பக்கத்து வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

முடிந்து மூன்று வாரம் ஆகிறது. நேற்று மாலை நல்ல மழை, முக்கால் மணி நேரம் விடாமல் கொட்டியது. குடையோடு வாசலில் நின்று பார்த்தேன். தண்ணீர் வீட்டுப் பக்கம் ஒரு சொட்டுத் திரும்பவில்லை. வாயிற்கதவை நோக்கி ஒரே ஓட்டம். கதவுக்கு உட்புறம் ஒரு கையகல இடத்தில் மட்டும் தேங்கி நின்றது. இன்று காலை மேஸ்திரி ஒருவரே வந்தார். ஏழு கற்களைப் பெயர்த்து, அடியில் ஜல்லி சற்று இளகியிருப்பதைக் காட்டி, இறுக்கி, மணல் போட்டுத் திரும்ப வைத்தார். குடத்து நீரை ஊற்றிப் பார்த்தோம், ஓடிவிட்டது.

மாமியார் கைத்தடி இல்லாமல் வேப்பமரம் வரை நடந்துவந்து உட்கார்ந்திருக்கிறார். நிறுத்திவைத்த 5,000 ரூபாயை இன்று மாலை கணவர் வந்ததும் கொடுத்துவிடுவோம்.

பாகாயம் தோட்டம்:
மகிழ்ச்சி சகோதரி. அந்தத் தாளில் எழுதியதை, பெயர்களை மட்டும் எடுத்துவிட்டு, இங்கே அப்படியே பதிய முடியுமா? என் தங்கை திருவலத்தில் அடுத்த மாதம் வேலை தொடங்குகிறாள்.

காட்பாடி வாசல்:
இன்றிரவே தட்டச்சு செய்து போடுகிறேன்.